காயம் அறிந்த நீதி



2002-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத் தென்பகுதியில், முசஃப்பர்கட் மாவட்டத்தில், மீர்வாலா என்றொரு சிற்றூர். அவ்வூர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்காக மக்கள் திரண்டிருந்தனர். இமாம் அப்துர் ரஸ்ஸாக் மிம்பரில் ஏறினார். வழக்கமான நல்லுரைகளோடு அன்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஆறு நாள்களுக்கு முன்னர் அந்த ஊரிலேயே ஓர் ஏழைப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எடுத்துக் கூறி, அது பெரும்பாவம் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். பாதிக்கப்பட்ட குடும்பம் காவல் நிலையம் சென்று முறையிட வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

அந்தக் குத்பா ஊர் எல்லையைத் தாண்டிற்று. செய்தியாளர் வந்தனர். ஜூன் 30-ஆம் நாள் வழக்குப் பதிவாயிற்று. சில நாள்களுக்குள் உலக நாடுகளின் இதழ்களிலெல்லாம் மீர்வாலாவின் பெயர் இடம் பெற்றது.

அப்பெண்ணின் பெயர் முக்தார் மாய். இத்தகைய செய்திகளில் பாதிக்கப்பட்டவரின் பெயரை எழுதுதல் முறையன்று. சட்டமும் அதனை அனுமதிப்பதில்லை. ஆயினும் இவர் தம் பெயரையும் முகத்தையும் மறைத்துக்கொள்ள மறுத்தார். நாணப்பட வேண்டியவர் தாமல்லர் என்று உணர்ந்து, தாமே உலகறியச் சொன்னார். ஆதலின் நாமும் அப்பெயரை மரியாதையுடன் எழுதுகிறோம்.

பாதிக்கப்பட்டவர் ஒருவரே முன்னின்று நீதிக்காகப் போராடியதையும், அவரைப் போன்றோரின் உள்ளக் காயத்தை உணர்ந்து நடக்கும் நீதிமுறை எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் இன்று சிந்திப்போம்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆசிரியை

முக்தார் மாய் குஜ்ஜர் குலத்தைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் சென்றறியாதவர். ஆயினும் செவிவழியாகத் திருக்குர்ஆனை மனனம் செய்து, ஊர்க் குழந்தைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தார். அவருடைய தம்பி, ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவன், செல்வாக்கு மிக்க மஸ்தோய் குலத்துப் பெண் ஒருத்தியுடன் தகாத உறவு கொண்டான் என்று குற்றம் சாட்டப்பட்டான். உண்மையில் அச்சிறுவனே அக்குலத்து ஆடவர் சிலரின் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தான் என்பதும், அதனை மறைக்கவே அப்பழி சுமத்தப்பட்டது என்பதும் அக்குடும்பத்தின் முறையீடு.

ஜூன் 22-ஆம் நாள் ஊர்ப் பஞ்சாயத்து கூடிற்று. குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கோருவதற்காக முக்தார் மாய் அழைத்துச் செல்லப்பட்டார். தம்பியின் மீது சாட்டப்பட்ட குற்றத்திற்குத் தமக்கையின் மானம் ஈடாக்கப்பட்டது. திரளான ஆடவர் வெளியே குழுமியிருக்க, அக்கொடுமை நிகழ்ந்தது. மகளின் மீது சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அழைத்துச் சென்றவர் அவருடைய முதிய தந்தை.

பின்வந்த நாள்களில் உயிரை மாய்த்துக்கொள்ளவே அவர் எண்ணினார். தாயார் இரவும் பகலும் அகலாது காத்திருந்தமையால் உயிர் தப்பினார். காவல் நிலையத்திலும் அவருக்கு ஆறுதல் கிட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தம்மிடம் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கப்பட்டதை அவரே பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியிருக்கிறார். தம் சொல்லைப் பிறர் எழுதிக்கொள்வதும், எழுதியது இன்னதென்று தமக்கே தெரியாதிருப்பதும் எத்தகைய இரண்டாவது காயம் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அரசு அவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கிற்று. ஊரில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. அப்பணத்தைக் கொண்டு அவர் பள்ளிக்கூடம் நிறுவினார். அதில் தாமும் ஒரு மாணவியாய் அமர்ந்து எழுத்துக் கற்றார். மஸ்தோய் குலத்துக் குழந்தைகளும் அப்பள்ளியில் சேர்க்கப்பட்டனர். நாளடைவில், கொடுமைக்கு உள்ளான பெண்கள் தொலைவிலிருந்தெல்லாம் அவர் வாசலைத் தேடி வரலாயினர். அவர்களுக்குப் புகலிடமும் சட்ட உதவியும் அளிக்கும் அமைப்பு ஒன்றையும் அவர் தம் ஊரிலேயே ஏற்படுத்தினார். 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் வெளிநாடு செல்லவிடாமல் அன்றைய அரசு தடை விதித்தது. நாட்டின் பெயர் கெடும் என்பது காரணம். உலகின் கண்டனத்திற்குப் பின்னரே தடை நீங்கிற்று.

நீதிமன்றங்களில் நேர்ந்தது

2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், தேரா காஜிகானில் இருந்த பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் அறுவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லாகூர் உயர் நீதிமன்றம் அவருள் ஐவரை விடுவித்து, ஒருவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மேல்முறையீட்டில் 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை உறுதி செய்தது. மூன்று நீதியரசர்களில் நாசிருல் முல்க் ஒருவர் மாறுபட்ட தீர்ப்பளித்தார். மறுஆய்வு மனுவும் 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தள்ளுபடியாயிற்று.

உயர்ந்த மன்றங்களின் தீர்ப்பை ஆராய்ந்து குறை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் வழக்கு நெடுகிலும் எழுந்த ஐயங்களைக் கவனியுங்கள். முறையிட ஏன் எட்டு நாள் தாமதம்? போராடியதற்கான காயங்கள் உடலில் ஏன் மிகுதியாக இல்லை? ஒரு வாக்குமூலத்திற்கும் மற்றொன்றிற்கும் இடையே ஏன் வேறுபாடு? மீர்வாலாவுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல இவை. உலகெங்கும், நம் நாட்டிலும், இத்தகைய வழக்குகளில் எல்லாம் பெண்ணை நோக்கி இவையே வீசப்படுகின்றன.

உறைந்து போகும் உடல்

இக்கேள்விகளுக்கு இன்றைய மருத்துவ அறிவு விடை கூறுகிறது. பேரச்சம் சூழும்போது மனித உடல் மூன்று வழிகளில் ஒன்றை மேற்கொள்கிறது. எதிர்த்து நிற்கும், அல்லது ஓடும், இரண்டும் இயலாதபோது உறைந்து போகும். புலியின் பிடியில் சிக்கிய மான் அசைவற்றுக் கிடப்பதைப் போன்றது அது. கைகால் அசையா; நாவும் எழாது. இதனை அந்தப் பெண் தானாகத் தேர்ந்துகொள்வதில்லை. மூளையே அந்நேரத்தில் அவ்வாறு ஆணையிடுகிறது. ஸ்வீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் வன்கொடுமைக்குப் பின் மருத்துவ உதவி நாடி வந்த 298 பெண்களை ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவின்படி, அவர்களில் 70 விழுக்காட்டினர் அக்கொடுமையின்போது குறிப்பிடத்தக்க அளவு உறைநிலைக்கு ஆளாகியிருந்தனர். ‘ஏன் கத்தவில்லை? ஏன் ஓடவில்லை?’ என்று கேட்போர் இதனைச் சிந்திக்கட்டும்.

நினைவும் அவ்வாறே. அச்சத்தின் உச்சியில் பதியும் நினைவு, கோத்த மணிமாலையாக அமைவதில்லை. அறுந்து சிதறிய மணிகளாகவே கிடக்கிறது. சுவரில் இருந்த கறை தெளிவாக நினைவிருக்கும், நேரம் நினைவிராது. ஒரு வாசனை நினைவிருக்கும். எது முன், எது பின் என்பது குழம்பும். சில நாள்கள் கழித்தே சில மணிகள் கையில் அகப்படும். முன்பு சொல்லாததை அவள் பின்பு சொன்னால், அதனாலேயே அது பொய்யென்று முடிவு செய்துவிட இயலாது.

காயம் அறிந்த நீதிமுறை என்று பாதிக்கப்பட்டோர் இன்று கேட்பது இதனையே. தன் போக்கில், தன் சொற்களில் அவள் சொல்லட்டும். இடைமறித்துக் குறுக்கே கேள்வி தொடுக்க வேண்டாம். ஒரே துயரத்தைப் பத்து மேசைகளின் முன்னால் பத்து முறை ஒப்பிக்கச் செய்ய வேண்டாம். மருத்துவச் சோதனை அவளுடைய சம்மதத்தோடு நடைபெறட்டும். நீதிமன்றத்தில் கொடியவனின் கண்ணுக்கு நேரே நின்று நடுங்காதபடி ஒரு திரை இருக்கட்டும். அவளது கடந்த கால ஒழுக்கத்தைக் கிளறும் கேள்விகள் ஒழியட்டும். வழக்கு எந்நிலையில் உள்ளது என்பதை அவளுக்கு அவ்வப்போது தெரிவிக்கட்டும். இவற்றுள் எதுவும் சான்றின்றித் தண்டிக்கச் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையும் காக்கப்பட வேண்டியதே. உண்மை வெளிவருவதற்கு ஏற்ற வழியைத் திறந்து வையுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை.

மதீனாவில் நிகழ்ந்தது

‘இதெல்லாம் மேலைநாட்டுப் புதுச்சரக்கு’ என்று நம்மவர் சிலர் முகஞ்சுளிப்பர். அவர்கள் வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்கள் அறிவித்து, அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு பெண்மணி தொழுகைக்காக இருளில் வெளியே சென்றார். வழியில் ஒருவன் அவரைப் பலவந்தம் செய்துவிட்டு ஓடினான். அவர் அலறினார். அவ்வேளை அவ்வழியே வந்த வேறொருவரைச் சுட்டி, இவரே தம்மைக் கெடுத்தவர் என்றார். முஹாஜிர்கள் சிலர் அம்மனிதரைப் பிடித்து வந்தனர். பெருமானாரின் அவையில் தண்டனை நிறைவேற இருந்த நிலையில், உண்மைக் குற்றவாளி எழுந்து தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தவறாகப் பிடிபட்டவருக்கு அண்ணலார் நல்வார்த்தை கூறி ஆறுதல் அளித்தார்கள். அப்பெண்மணியின் மீது எக்குற்றமும் இல்லையென விடுவித்தார்கள்.

அன்பர்களே! இந்நிகழ்ச்சியை ஓதும்போதெல்லாம் எவ்வளவு விரைவாகக் கடந்து சென்றுவிடுகிறோம்! அப்பெண்மணியிடம் நான்கு சாட்சிகள் எங்கே என்று அண்ணலார் கேட்கவில்லை. இருளில் தனியே ஏன் சென்றாய் என்றும் கேட்கவில்லை. அதனினும் மேலாக, அவர் ஆளை மாற்றிக் காட்டிவிட்டார். ஓர் அப்பாவியின் உயிரே போக இருந்தது. அதற்காகவும் அவரைப் பொய்யுரைத்தவர் என்று பெருமானார் தூற்றவில்லை; அவதூறுக்குரிய தண்டனையையும் அளிக்கவில்லை. அதிர்ச்சியால் கலங்கிய கண்களின் பிழை வேறு, வஞ்சக நெஞ்சின் பொய் வேறு என்பது அந்த அவையில் உணரப்பட்டிருந்தது. அப்பாவியும் காக்கப்பட்டார், பாதிக்கப்பட்டவரும் காக்கப்பட்டார்.

நான்கு சாட்சிகள் பற்றிய கட்டளை எப்போது வந்தது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு பரப்பிய காலத்தை ஒட்டி, திருமறையின் அந்நூர் அத்தியாயம் இதனை விரித்துரைக்கிறது. கற்புள்ள பெண்ணைப் பழிப்பவன் நான்கு சாட்சிகளைக் கொணர வேண்டும். இல்லையேல் அவனே தண்டிக்கப்படுவான். பெண்ணின் மானத்தைக் காக்க இறைவன் எழுப்பிய கோட்டை அது. அக்கோட்டைச் சுவரைப் பெயர்த்துப் பெண்ணின் தலையிலேயே போட்டவர்கள் பிற்காலத்து மனிதர்கள்.

மாலிக்கி மத்ஹபின் பேரறிஞர் காழி அபூபக்ர் இப்னுல் அரபி அவர்கள் இக்கொடுமையை விபச்சாரத்தின் வகையில் சேர்க்காது, வழிப்பறிக் கொள்ளையின் வகையில் சேர்த்துத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். கொள்ளை போன வீட்டுக்காரரை நோக்கி, நீயும் உடந்தையோ என்று எவரும் கேட்பதில்லை அன்றோ!

சட்டம் நடந்து வந்த பாதை

1979-ஆம் ஆண்டு பாகிஸ்தானில் ஹுதூத் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டபோது, விபச்சாரமும் வன்கொடுமையும் ஒரே சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டன. விளைவு என்ன? பலாத்காரத்தை நிரூபிக்க இயலாத பெண், தானே விபச்சாரக் குற்றவாளியாக நிறுத்தப்படும் நிலை உண்டாயிற்று. 1983-ஆம் ஆண்டளவில், கண்பார்வையற்ற ஓர் இளம்பெண்ணுக்கு அவளது கருவே சாட்சியாகக் கொள்ளப்பட்டுச் சிறையும் கசையடியும் விதிக்கப்பட்டன. கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது; ஆயினும் சட்டம் மாறவில்லை.

முக்தார் மாய் போன்றோர் எழுப்பிய குரலுக்குப் பின்னர், 2006-ஆம் ஆண்டின் பெண்கள் பாதுகாப்புச் சட்டம் வன்கொடுமைக் குற்றத்தைப் பொதுவான தண்டனைச் சட்டத்திற்கு மாற்றியது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் மரபணுச் சோதனைக்கு வழிவகுத்தது. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் லாகூர் உயர் நீதிமன்ற நீதியரசர் ஆயிஷா மாலிக், பெண்ணின் கன்னிமையை ஆராயும் ‘இருவிரல் சோதனை’ சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார். மறு ஆண்டில் அவரே அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசரானார். 2021-ஆம் ஆண்டு இறுதியில் இயற்றப்பட்ட புதிய சட்டம், தனி நீதிமன்றங்களுக்கும், மருத்துவமனைகளில் உதவிப் பிரிவுகளுக்கும், மூடிய அறை விசாரணைக்கும் இடமளித்தது. சட்டப் புத்தகத்தில் உள்ளவை யாவும் காவல் நிலைய மேசை வரை வந்து சேர்ந்துவிட்டன என்று சொல்ல இயலாது. எனினும் வாசல் திறந்திருக்கிறது.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் அதே இருவிரல் சோதனையை 2013-ஆம் ஆண்டில் கண்டித்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், அதனை இனி நடத்துவோர் முறைகேடு புரிந்தவராவர் என்றும் அறிவித்தது. எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம் என்பதும், முறையீட்டைப் பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும் என்பதும், அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் கட்டணமின்றி உடனே சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதும், விசாரணை மூடிய அறையில் நடைபெற வேண்டும் என்பதும் இன்று நம் நாட்டுச் சட்டம். இவற்றை நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் சொல்லி வைத்திருக்கிறோமா?

நான் அளித்த மறுமொழி

இக்கட்டுரையை எழுதும்போது என் நெஞ்சை உறுத்தும் ஒரு நிகழ்ச்சியை மறைப்பதற்கில்லை. பல்லாண்டுகளுக்கு முன், ஓர் ஊரில் நான் இமாமாகப் பணியாற்றிய காலம். மஃரிபுத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின், ஒரு தாய் பள்ளிவாசலின் படியோரம் வந்து நின்றார். முக்காட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. தம் மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். வந்தவரின் சொல் முன்னுக்குப் பின்னாக இருந்தது. ‘எப்போதம்மா நடந்தது? ஏன் அப்போதே சொல்லவில்லை?’ என்று நான் கேட்டேன். பின்பு, ‘ஸபூர் செய்யுங்கள் தாயே! வெளியே தெரிந்தால் பெண்ணின் வாழ்வு என்னாவது?’ என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றார். பின்னர் அவரை நான் கண்டதில்லை.

பொறுமையின் சிறப்பைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். ஆனால் அன்று அத்தாயிடம் நான் சொன்னது பொறுமையன்று. என் அச்சத்திற்குப் பொறுமை என்று பெயர் சூட்டினேன். மீர்வாலாவின் இமாம் சிற்றூர்க்காரர். வலியோரின் பகையை அஞ்ச வேண்டிய நிலையில் இருந்தவர். அவருக்கு இருந்த துணிவு எனக்கு இல்லாமற் போயிற்று. மறுமை நாளில் இது பற்றியும் நான் வினவப்படுவேன்.

அக்காலத்தில் இக்கொடுமையைக் ‘கற்பழிப்பு’ என்றே நாமெல்லாம் எழுதி வந்தோம். உருது மொழியிலும் மானம் கொள்ளை போயிற்று என்றே சொல்வர். சொல்லே பெண்ணைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. கற்பு என்பது நெஞ்சத்தின் உறுதி. அதனைப் பிறனொருவன் வந்து அழித்துவிட முடியாது. அன்று அழிந்தது கொடியவனின் மனிதத்தன்மையே. நம் நாவையும் எழுதுகோலையும் முதலில் திருத்திக்கொள்வோம்.

நம்மீதுள்ள கடமை

ஜமாஅத் பெரியோர்களே! இத்தகைய முறையீடு வரும்போது சமரசம் பேசி முடித்துவைக்க நமக்கு எவ்வித உரிமையும் இல்லை. பணத்தைக் கொடுத்து வாயடைப்பதும், கெடுத்தவனுக்கே அப்பெண்ணை மணமுடித்து வைப்பதும், ஊரைவிட்டு அனுப்பிவிடுவதும் மீர்வாலாவின் பஞ்சாயத்துக்கு உறவுமுறையானவை. குறைபாடுள்ள மனிதனின் அந்தரங்கப் பிழையை மறைத்தல் நற்குணம். பிறர்மீது இழைக்கப்பட்ட அநீதியை மறைத்தல் அநீதிக்குத் துணைபோதல்.

பெற்றோர்களே! பிள்ளை வாய் திறந்தால் முதலில் கேளுங்கள். ஏன், எப்படி என்ற வினாக்கள் பின்னர் இருக்கட்டும். ‘உன்மீது குற்றமில்லை’ என்ற ஒரு சொல், சிதறிய மணிகளைக் கோக்கும் நூலாக அமையும்.

கதீபுமார்களே! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குத்பாவின் முடிவில், நீதியையும் நன்மை புரிவதையும் இறைவன் ஏவுகிறான் என்னும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் திருவசனத்தை ஓதி இறங்குகிறோம். ‘அத்ல்’ முதலில் வருகிறது. ‘இஹ்ஸான்’ அதனைத் தொடர்கிறது. நீதி என்பது உரியதை உரியவருக்கு வழங்குதல். இஹ்ஸான் என்பது அதனை அழகுற, பரிவோடு வழங்குதல். இவ்விரண்டும் ஒருங்கே சேர்ந்த நீதியைத்தான் முக்தார் மாய் போன்ற பெண்கள் உலகின் மன்றங்களில் கேட்டு நிற்கிறார்கள். வாரந்தோறும் நாம் ஓதுகின்ற வசனத்தையே அவர்கள் நமக்கு நினைவூட்டுகிறார்கள்.

இன்று ஜும்ஆவில் அவ்வசனம் உங்கள் செவியில் விழும்போது, பள்ளிவாசலின் படியோரம் முக்காட்டுக்குள் ஒரு தாய் நிற்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன மறுமொழி கூறுவீர்கள் என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அநீதிக்கு ஆளானோரின் குரலைச் செவியேற்கும் நெஞ்சத்தையும், வாய்மைக்குத் துணைநிற்கும் துணிவையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.